சிவப்பியின் சரியான நிறை

மயூரி, துவாரகன்... இன்று காலை சிவப்பி எழுந்து நின்று புல்லுத் தின்றதைப் பார்த்துவிட்டுத்தானே பள்ளிக்கூடம் போனீர்கள்? முந்தநாள் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. வாராவாரம் இதை வாசிக்கும் மற்றப் பிள்ளைகளும் கேளுங்கள் — சிவப்பி எங்கள் வீட்டுப் பசு.

சிவப்பி எழும்பாமல் கிடந்தது. கடுங்காய்ச்சல். மூத்திரம் தேயிலைச் சாயம் போலச் சிவப்பு. உடனே போன் எடுத்தேன்.

மிருக வைத்தியர் ஸ்கூட்டியில் வந்தார். இளம் பெண். சிவப்பியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறிப்போயிருந்தது. காதுக்குள் உண்ணிகள்.

"உண்ணி கடிச்சு இரத்தத்துக்குள்ளை கிருமி போட்டுது. இதுக்கு ஊசி இருக்கு. மாடு எத்தினை கிலோ வரும், அக்கா?"

உங்கள் அம்மா முதலில் வேலியைப் பார்த்தார். ஏன்? வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டுப் பாக்கியமக்கா நின்றார்.

"எங்கை, டொக்டர்... எலும்பும் தோலும். இருநூறும் வராது."

"என்ன பிள்ளை, படலைக்குள்ளாலை போகேலாத மாடெல்லோ உது" என்றார் பாக்கியமக்கா.

"அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் உப்பிடிக் கிடக்கு" என்றார் அம்மா.

டொக்டர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து நாடாவை எடுத்தார். நாங்கள் சிவப்பியைத் தூக்கி நிறுத்த, நெஞ்சைச் சுற்றி அளந்தார்.

"முன்னூறுக்கு மேலை வருது, அக்கா. நீங்கள் சொன்ன நிறைக்கு மருந்து போட்டால் கிருமி முழுக்கச் சாகாது. திரும்பப் பெருகும். பிறகு மாடு தப்பாது."

அம்மா டொக்டருக்குக் கிட்டப் போனார்.

"அப்ப சரியாப் போடுங்கோ, டொக்டர். ஆனால், மெதுவாச் சொல்லுங்கோ."

டொக்டர் மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்தார். மஞ்சள் கரைத்த மாதிரி ஒரு நிறம். நான் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஊசியைப் போட்டார். தான் சொல்லும்வரை பால் குடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை மூத்திரம் தெளிவு. நான் துள்ளாத குறை. மாட்டு மூத்திரத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று யார் நினைத்தது?

பரீட்சைப் புள்ளி, பால், மாட்டின் நிறை... கண்படும் என்று ஊருக்கு எல்லாவற்றையும் குறைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். சொல்லிவிட்டுப் போவோம். ஆனால் ஊசிக்குக் குறைத்துச் சொல்லலாமா?

நீங்கள் போன பிறகு தனியே கொட்டிலுக்குப் போனேன். காதுக்குள் இன்னும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். வேலிக்கு அங்காலும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுப்புக்கரியைத் தொட்டு, சிவப்பியின் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள்.