சமையலறைச் சுவரை இடித்த நாள்

பெயிண்ட் கடை கவுன்டரில் பதினான்கு வருடம் நின்றவள் அவள். அறையின் நீள அகலத்தைச் சொன்னால் போதும், எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கால்குலேட்டரைத் தொடாமலே சொல்லிவிடுவாள். பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து, நல்ல விலைக்குக் கைமாற்றி விடுகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது அந்தக் கடைக்கு வருவார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

"இன்னிக்கு வந்த ஆளுக்கு பிரைமர்னா என்னன்னே தெரியல. அவர் மூணு வீடு வித்துட்டாராம்," என்று கணவனிடம் ஒரு நாள் புலம்பினாள்.

"உனக்கு பெயிண்ட் தெரியும். வீடு தெரியுமா?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதமே வேலையை விட்டாள். கடையில் கொடுத்த பணத்தோடு தம்பியின் சேமிப்பையும் போட்டு, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கான்கிரீட் வீட்டை வாங்கினார்கள். மாடி கிடையாது. முன்னால் ஹால், அதற்குப் பின்னால் சமையலறை, பக்கத்தில் இரண்டு படுக்கையறைகள். வெளியே பின்பக்கம் தனியாக ஒரு குளியலறை. தம்பி ஏசி மெக்கானிக். குளிர் மாதங்களில் அவனுக்கு வேலை குறைவு என்பதால் அவனும் கூட இறங்கினான்.

வீடு முதல் வாரத்திலேயே பாடம் எடுக்க ஆரம்பித்தது. குளியலறைத் தரையைப் பெயர்த்தால் அடியில் இன்னொரு தரை, அதற்கும் அடியில் இன்னொன்று. சுவிட்ச் பெட்டியைத் திறந்த எலெக்ட்ரீஷியன் தலையில் கைவைத்துக்கொண்டு, "இத்தனை நாள் இந்த வீடு எரியாம இருந்ததே பெரிசு," என்றார். இதையெல்லாம் அவள் சிரித்துச் சமாளித்தாள். சமையலறை விஷயத்தில்தான் அவளுக்குப் பொறுமை போனது. நடுப்பகலில்கூட அங்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஹாலுக்கும் அதற்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே கொட்டும், பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே மயங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "இதுல கை வைக்காதீங்கம்மா. தண்ணி டேங்க் இதுக்கு நேர் மேல உக்காந்திருக்கு. இன்ஜினியர் வந்து பார்க்கட்டும்."

இன்ஜினியர் பத்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். ஐந்தாவது நாள் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருந்த காலை அது. தம்பியிடம், "அவர் எல்லாத்துக்கும் பயப்படுவார்டா. நீ ஆரம்பி, நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

அவன் சம்மட்டியை எடுத்தான். சமையலறைப் பக்கம் நின்றுகொண்டு, ஹாலுக்குப் போகும் வாசற்படி ஓரத்திலிருந்து சுவரை உடைத்துக்கொண்டே வந்தான். அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு முன் படுக்கையறையின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலடி அகலத்துக்குச் சுவர் போயிருக்கும். கெட்டித் துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். சம்மட்டிச் சத்தம் நின்றது.

"அக்கா," என்றான் அவன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஹாலுக்கு ஓடி வந்தாள். உடைந்த இடத்துக்கு மேலே, கூரையில் ஒரு விரிசல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. அதிலிருந்து மாவு சலிப்பதுபோல் தூசி இறங்கியது. மிச்சமிருந்த சுவரில் செங்கல் ஒன்று பொடிப்பொடியாக நொறுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. தம்பி அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

"ரெண்டே எட்டுக்கா. ஓடி வந்துடறேன்."

"வராத! அங்கயே நில்லு!"

ஏன் அப்படிக் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தான். மூச்சு விடும் நேரம்தான் ஆகியிருக்கும், தலையணை அளவு சிமெண்ட் காரை ஒன்று வாசற்படியில் விழுந்து சிதறியது.

கொத்தனாருக்கு போன் போட்டாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"மோட்டார் ஓடுதா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலைக்கு மேலே டேங்க் நிரம்பிக்கொண்டே இருந்தது.

"உடனே நிறுத்துங்க. வீட்ல எத்தனை குழாய் இருக்கோ அத்தனையும் திறந்து விடுங்க. மொட்டை மாடிக்கு மட்டும் யாரும் ஏறக் கூடாது. நீங்களும் ஹால்ல நிக்காதீங்க, வெளில போங்க. தம்பி பின்கதவு வழியா வரட்டும். கூரையைத் தாங்கிப் பிடிக்க நான் முட்டுக் கம்பியோட வரேன்."

மோட்டாரை அணைத்தாள். தோட்டக் குழாயையும் குளியலறைக் குழாய்களையும் திறந்துவிட்டுச் சமையலறையின் பின்கதவுக்கு ஓடினாள். தள்ளினாள். அசையவில்லை. முந்தின நாள்தான் முப்பத்திரண்டு டைல்ஸ் பெட்டிகளை உள்ளே அந்தக் கதவை ஒட்டி அடுக்கியிருந்தார்கள். கதவோ உள்பக்கம் திறப்பது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி.

"சிங்க் குழாயைத் திறந்து விடுடா!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"திறந்துட்டேன்."

"பெட்டியை ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வை. தூக்கிப் போடாத. மெதுவா."

ஜன்னல் வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது. குனிந்தான், தூக்கினான், நாலடி நடந்தான், பூப்போல வைத்தான். திரும்ப வந்தான். உள்ளே எங்கோ கல் உதிர்ந்தால் இருவரும் அப்படியே நின்றுவிடுவார்கள். குழாயில் தண்ணீர் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டன் தண்ணீர் இந்த வேகத்தில் எப்போது காலியாகும் என்று அவள் கணக்குப் போட முயன்றாள். பதினான்கு வருடம் லிட்டர் கணக்குச் சொன்னவளுக்கு அன்று ஒரு எண்கூடப் பிடிபடவில்லை.

பாதிப் பெட்டிகள் நகர்ந்தபின் அவன் நின்றான். "அக்கா, பொண்ணை நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். அவ அம்மாகிட்ட சொல்லிடு, ஒருவேளை..."

"வாயை மூடிட்டுப் பெட்டியை எடு. நீயே போய்க் கூட்டிட்டு வருவ."

கதவு ஒரு சாண் திறந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். அவன் பக்கவாட்டில் உடம்பை நுழைத்தான். சட்டை தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்தவள், தெரு வந்த பிறகும் விடவில்லை.

கொத்தனாரும், அவருடனேயே வேலை பார்க்கும் அவர் மனைவியும் ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கினார்கள். தண்ணீர் முழுக்க வடியும்வரை கொத்தனார் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு புருஷனும் பெண்சாதியும் பலகை கொடுத்து, இரும்பு முட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தித் திருகினார்கள். ஏழாவது முட்டு இறுகியதும் கூரை அடங்கியது.

கொத்தனார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிச்சப் பலகைகளை லாரியில் ஏற்றப் போனார். அவர் மனைவிதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவருக்குத் திட்ட வராது, அதனால நான் திட்டறேன். ஒரு ஆளு சொன்னா கேக்கணும். கேக்கலன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"



அன்று மாலை தம்பி மனைவி கிழிந்த சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாருங்க சுவத்தை இடிக்கச் சொன்னது?" தம்பி அக்காவைப் பார்க்காமலே, "நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றான். அக்கா அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் வந்தார், இரும்பு உத்திரம் போடச் சொன்னார். டேங்கை இடம் மாற்றினார்கள். அவளுடைய லாபக் கனவில் பாதி அந்த உத்திரத்தோடு போனது. அதுகூட அவளைத் தொந்தரவு செய்யவில்லை. தம்பி மனைவி அவனை அந்த வீட்டு வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள் என்பதும், பொறுப்பில்லாதவன் என்று அவன் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்பதும்தான் உறுத்தின. பதினோராம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இடிக்கச் சொன்னது நான்மா. கொத்தனார் வேணாம்னு சொன்னதும் எனக்குத் தெரியும். அவன் எனக்காகப் பொய் சொன்னான்."

தம்பி மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பதினோரு நாள் ஆச்சு, அண்ணி," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீடு ஏழு மாதம் கழித்து விலைபோனது. வாங்க வந்த தம்பதியை அவள் முதலில் சமையலறைக்குத்தான் அழைத்துப் போனாள். உத்திரத்தைக் காட்டி, ஏன் வந்தது என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லி, இன்ஜினியர் கொடுத்த காகிதத்தையும் நீட்டினாள். அவர்கள் விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். எல்லாம் போக மிஞ்சியது, கடையிலேயே நின்றிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தைவிடக் குறைவு.

தம்பியின் பங்கைக் கொடுக்கப் போனபோது தம்பி மனைவிதான் வாங்கிக்கொண்டாள். எடுத்து வைக்கவில்லை. மேசைமேலேயே விட்டாள்.

"அடுத்த வீடு பார்த்திருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அவனைக் கூப்பிட எனக்கு முகம் இல்லம்மா."

"அவரை நீங்க கூப்பிட வேணாம். நான் வரேன். அவர் என்கூட வருவார். இன்ஜினியர் எழுதிக் கொடுக்காம சம்மட்டி என் கையை விட்டுப் போகாது. சரியா, அண்ணி?"

அவள் சரி என்று தலையாட்டினாள். உள்ளறையிலிருந்து தம்பி எட்டிப் பார்த்து, "எத்தனை ரூம்கா?" என்று கேட்டான்.