மைமூன் பீவி ஊரில் இல்லை

1. பார்ட்டி கிடையாது

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பிராஞ்ச் மேனேஜர் குல்கர்ணி சார் வெயிலில் அலைந்து முகம் சிவந்து வந்தார். ஹெல்மெட்டை என் மேஜைமேல் வைத்தார். நான் கடனுக்குச் சிபாரிசு செய்திருந்த மைமூன் பீவி என்கிற பார்ட்டி தாராவியிலேயே இல்லை, ஃபைலை ரிஜெக்ட் பண்ணப்போகிறேன் என்றார். முந்தின நாள் சாயங்காலம்தான் நான் அந்த அம்மா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருந்தேன்.

அப்போது நான் ஒரு சிறுகடன் கம்பெனியின் சயான் பிராஞ்சில் ஃபீல்டு ஆபீசர். இப்போது செம்பூரில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பெனி மேனுவலில் இது வராது.

அதுவரை எங்களிடம் க்ரூப் லோன் மட்டும்தான் இருந்தது. பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பார்கள். சின்னத் தொகை கிடைக்கும். அப்புறம்தான் இண்டிவிஜுவல் லோன் வந்தது. ஒரே ஆளுக்கு, ஜாமீன் இல்லாமல், கொஞ்சம் பெரிய தொகை. சம்பளச் சீட்டு இல்லாதவர்களை பேங்க்குகள் வாசலோடு அனுப்பிவிடும். அவர்களுக்கு மீட்டர் வட்டிக்காரனை விட்டால் வேறு கதி கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கடன்.

எங்கள் பிராஞ்சில் அதற்கு நான் எழுதிய முதல் ஃபைல் மைமூன் லாத்தாவுடையது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் முதுகுவலியில் படுத்துவிட்டார். லாத்தா ஒரு கார்கானாவில், அதாவது பட்டறையில், தோல் பை தைத்துத்தான் வீடு நடந்தது. அதன் முதலாளி சேட் கார்கானாவை மூடிக்கொண்டிருந்தார். ஒரு மோட்டார் மெஷினை லாத்தாவுக்கு மலிவாகத் தருவதாகவும், சனிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் மான்குர்த்தில் ஒரு வியாபாரி எடுத்துக்கொள்வான் என்றும் சொல்லியிருந்தார். மெஷின் கைக்கு வந்தால் வீட்டிலேயே ஆர்டர் எடுக்கலாம். வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வேலையே இல்லை.

2. மூன்று பேர் சொன்னது

ஃபைல் எழுதியவரே வெரிஃபிகேஷன் செய்யக்கூடாது என்பது ரூல். மேனேஜர் முன்னறிவிப்பு இல்லாமல் தனியாகப் போய்ப் பக்கத்து வீடுகளில் விசாரிக்க வேண்டும். குல்கர்ணி சார் அப்படித்தான் போயிருக்கிறார். லாத்தா இருக்கிற கல்லியில், அந்தக் குறுகலான சந்தின் முனையில், வடை சுடுகிற பேச்சியம்மா, மைமூன் ஊருக்குப் போயாச்சு என்றிருக்கிறாள். அடுத்த வீட்டு டெய்லர், மான்குர்த்துக்குக் குடிமாறிவிட்டார்கள் என்றாராம். மூன்றாவதாக ஒரு கதவைத் தட்டினால், முக்காடு போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்து, அப்படி யாரும் இங்கே இல்லவே இல்லை என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் அது ஃபிராட் கேஸ் என்றார் சார். நான் வெளியே வந்து லாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"லாத்தா, இன்னைக்கு ஒங்களத் தேடி யாரும் வந்தாங்களா?"

"ஆமா செல்வி, ஒருத்தன் வந்தான். ஷூ போட்டுக்கிட்டு, பேக்க மாட்டிக்கிட்டு. வசூல்காரன் மாரியே இருந்தான். அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

குரலில் பெருமை வேறு.

"அவருதான் லாத்தா ஒங்களுக்கு லோன் குடுக்க வந்தவரு."

"நாளைக்கு மெஷின் போயிருமே செல்வி" என்று மெதுவாகச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முந்தின வருஷம் அதே கல்லியில் ஒரு பெண் மொபைல் ஆப்பில் கடன் வாங்கிவிட்டுத் தவணை தவறினாள். பேக் மாட்டிய ஆட்கள் வந்து அவள் முழுப்பெயரைக் கூவிக் கூவி மானத்தை வாங்கினார்கள். அதிலிருந்து கல்லிக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பேக்கோடு வந்து முழுப்பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரில் யாரும் கிடையாது. கூட்டம் போட்டு எடுத்த முடிவல்ல. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். மைமூன் லாத்தாவை அங்கே யாரும் மைமூன் பீவி என்று கூப்பிடுவதில்லை. அப்படிக் கேட்கிறவன் காகிதத்தைப் பார்த்துக் கேட்கிறவன்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவதாகப் பேசியது யார் என்று கேட்டார். அவங்கதான் என்றேன். "பாகல் ஹை க்யா?" என்றார். பைத்தியமா என்று அவர் கேட்டது லாத்தாவையா என்னையா என்று இன்றுவரை தெரியாது. முதல் நாளே முகத்துக்கு நேரே பொய் சொல்கிற கஸ்டமர் தவணை கட்டுகிற நாளில் என்ன சொல்லுவாள் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் இன்னொரு தடவை மட்டும் வாருங்கள் என்று கெஞ்சினேன். முனகிக்கொண்டே ஹெல்மெட்டை எடுத்தார். ரூல்படி நான் கல்லி முனையோடு நிற்க வேண்டும் என்றார்.

3. இவள் மைமூன் இல்லை

சார் மறுபடி வருகிறார் என்று நான் போனில் சொல்லியிருந்ததால், லாத்தா கையில் ஆதார் கார்டோடு வாசலிலேயே நின்றிருந்தார். பதற்றத்தில் கல்லியில் யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. சாரைக் கண்டதும், நான்தான் மைமூன் பீவி என்று இந்தியில் சொன்னார்.

பேச்சியம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நடுவில் புகுந்து நின்று, இவள் மைமூன் இல்லை, இவள் தங்கச்சி, மைமூன் ஊரில் இருக்கிறாள் என்று சாரிடம் அடித்துப் பேசினாள். டெய்லரும் வந்து, ஆமாம், தங்கச்சிதான் என்றார்.

"ஏ பேச்சி, சும்மா கெட. நாந்தான் நானு."

"நீ பயப்படாத. உள்ள போ. நான் பேசிக்கிடுதேன்."

இவள்தான் மைமூன் என்று ஆதார் கார்டு அழுத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, யார் கேட்டார்கள்? சார் கார்டைப் பார்த்தார், லாத்தாவைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார். அவர் திரும்பி நடந்துவிட்டால் கதை முடிந்தது. ரூலாவது ஒன்றாவது என்று நான் முனையிலிருந்தே கத்தினேன்.

"பேச்சியக்கா, நம்ம ஆளுதான். லோன் குடுக்க வந்திருக்காரு. விடுங்க."

கல்லி அப்படியே மாறிப்போனது. சாருக்கு ஸ்டூல் வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சியம்மா காகிதத்தில் வடை கொண்டுவந்து நீட்டினாள். லாத்தா எந்த வீடு, எத்தனை வருஷமாக இருக்கிறாள், எப்படித் தைப்பாள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். சார் வடையைத் தின்றார். தின்கிறவர் ரிஜெக்ட் பண்ண மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

பைக்கைக் கிளப்புவதற்கு முன்னால் அவர் சிரித்துவிட்டார். "என்னைத் தேடி ஒரு வசூல்காரன் வந்தால் எங்கள் ஃபிளாட் சொசைட்டியில் என்ன செய்வார்கள் தெரியுமா, செல்வி? எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லி, லிஃப்ட் பட்டனையும் அழுத்திவிடுவார்கள்" என்று இந்தியில் சொன்னார். அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மெஷின் கைவண்டியில் வந்து இறங்கியது. கல்லி குறுகல், நாலு பேர் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். லாத்தா மோட்டாரைப் போட்டதும் எழுந்த சத்தம் முனைவரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடனை அவர் ஒரு தவணையும் தவறாமல் அடைத்தார். இன்றைக்கு அந்த வீட்டில் மூன்று மெஷின் ஓடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். இப்போது வெரிஃபிகேஷன் எல்லாம் கம்பெனி ஆப்பில்தான். 'பக்கத்து வீட்டார் உறுதி செய்தார்களா?' என்று கேட்கும்; ஆம், இல்லை என்று இரண்டே பட்டன். 'இல்லை'யை அழுத்துவதற்கு முன்னால் பேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வடை வாங்கித் தின்றபடி, எதற்காக வந்திருக்கிறாய் என்று சொல். கொடுக்க வருகிறவனும் பிடுங்க வருகிறவனும் வாசலில் ஒரே மாதிரிதான் நிற்கிறான். நாம் யார் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.