பெஞ்சு மேல ஏறு

ரோசரி டீச்சர் வருகிறார் என்றால் பாலக்கரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு தெருவழியே ஓடுவார்கள். குரல் அப்படி. அவர் செபமாலை சொன்னால் மாதாவே பயந்து எழுந்து நின்றுவிடுவார் என்று அவர் புருஷன் பாக்கியநாதனே சொல்வார், டீச்சர் பக்கத்தில் இல்லாதபோது.

அப்பேர்ப்பட்ட டீச்சருக்கே 1978இல் தண்ணி காட்டினாள் மூன்றாம் வகுப்பு வீராயி. உட்காரவே மாட்டாள். ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் இவள் எழுந்துவிடுவாள். முன்னால் இருப்பவளின் ரிப்பனை அவிழ்ப்பாள். கூட்டல் கணக்கில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை மறந்துபோவாள். இதற்கெல்லாம் மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத் திருச்சியில் யார் கண்டார்கள்? வாலு, திமிர், கொழுப்பு. இருந்த பெயர்கள் அவ்வளவுதான்.

"அரைப்பரீட்சையில பாஸாகலைன்னா டி.சி. கொடுத்துடுவோம்" என்றார் தலைமையாசிரியை சிஸ்டர்.

வீராயியின் அம்மா மயிலம்மாள் காந்தி மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்பவள். "இவளையும் தார் தூக்க விட்டுடாதீங்கம்மா" என்று அழுதாள். ரோசரி டீச்சருக்கும் அழுகை வந்தது. வந்ததை மறைக்க அவளையும் ஒரு அதட்டு அதட்டி அனுப்பினார்.

மறுநாள் டீச்சருக்குத் தலைவலி. "ஏறுடி பெஞ்சு மேல!" என்று வீராயியைக் கடைசி பெஞ்சில் ஏற்றியவர், அப்படியே மறந்துபோனார். மணி அடித்தபோதுதான் பார்த்தார். கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டே, கையில் சிலேட்டோடு, எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டு வைத்திருந்தாள்.

"யாரைப் பார்த்துடி எழுதின?"

"மேல யாருமே இல்லையே டீச்சர்."

உட்கார வைத்துப் பார்த்தார், பாதிக் கணக்கு. ஏற்றிப் பார்த்தார், முழுக் கணக்கு. இயேசுவே, மரியே, சூசையே! நிற்க விட்டால் படிக்கிற பிள்ளையையா இத்தனை நாள் உட்காரச் சொல்லிக் கொன்றோம்?

ஆனால் சிஸ்டரிடம் சொல்ல முடியாது. ஒருத்தி நின்றால் நாளைக்கு அத்தனையும் நிற்கும் என்பார். தண்டனைக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அதனால் தினமும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். "ரிப்பன் ஏன்டி கோணலா இருக்கு? ஏறு!" வீராயி துள்ளி ஏறுவாள். ரோசரி ஒரு ராட்சசி என்று ஸ்டாஃப் ரூமே முணுமுணுத்தது.

பரீட்சை வந்தது. மேற்பார்வைக்கு வந்த இருதயமேரி டீச்சருக்கு இளகிய மனசு. "பாவம், இன்னைக்காவது உக்காந்து எழுதும்மா" என்று தலையைத் தடவினார். போச்சு! வராந்தாவில் போன ரோசரி எட்டிப் பார்த்தால், வீராயி சுவர்ப் பல்லியோடு ஐக்கியமாகியிருக்கிறாள். பேப்பர் வெள்ளை வெளேர்.

"என்னைப் பார்த்தா பல்லைக் காட்டுற? அட்டையைத் தூக்கிட்டு ஏறு மேல!"

"பரீட்சையிலயுமா? ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?" என்றார் இருதயமேரி.

"கிடையாது" என்றார் ரோசரி.

வீராயி பாஸ்.

சிஸ்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "உங்க கண்டிப்புதான் டீச்சர் இவளைத் திருத்திடுச்சு. தண்டனை போதும், இனிமே உக்காரட்டும்."

வாசலில் நின்ற வீராயியின் முகம் செத்துப்போனது.

"எங்க சிஸ்டர் திருந்தினா?" ரோசரி டீச்சர் குரலை உயர்த்தினார். "கொழுப்பு அப்படியே இருக்கு. வருஷம் பூரா நிக்கட்டும். நாலாவதுலயும் நிக்கணும்!"

வீராயிக்கு முகமெல்லாம் பல். டீச்சர் அவளை முறைத்தார். சிரித்துத் தொலைத்தால் குட்டு உடைந்துவிடுமே.