சூடம் அணைத்த கை

எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் முதலில் தெரிவது சூடு அல்ல, மணம்தான். அந்தக் காரமான மணம் ஒருநாள் முழுக்க என் வலது கையில் இருந்தது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோதும் அதுதான் முந்திக்கொண்டு வந்தது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. வெள்ளைக்காரன் காலம். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர் எங்களுடையது. ‘அடங்காதவள்’ என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற நானும் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். அப்பாவின் மடியிலிருந்து பீடி எடுத்து வாய்க்கால் மறைவில் இழுத்துப் பார்த்ததைப் பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை கண்டு அம்மாவிடம் சொல்ல, விளக்குமாற்றால் அடி விழுந்தது. மறுநாள் மத்தியானம் எங்கள் எருமையைப் பேச்சியத்தையின் நாற்றங்காலுக்குள் ஓட்டிவிட்டு வரப்பில் நின்று சிரித்தேன். என்னோடு மாடு மேய்க்க வந்த அருளாயிதான் முழங்கால் சேற்றில் இறங்கி அதை வெளியே விரட்டினாள். ஆள் வரும் அரவம் கேட்டதும் நான் எருமையை ஓட்டிக்கொண்டு மறைந்துவிட்டேன். சேற்றுக்காலோடு அவள் அகப்பட்டுக்கொண்டாள்.

நடவுக்கு வைத்திருந்த நாற்று முழுவதும் மிதிபட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கம் மேய்த்தவர்கள் நாங்கள் இருவரும்தான் என்பதால் மாரியம்மன் கோயில் வாசலில் இருவரையும் நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் நாட்டாமை. பொய்ச் சத்தியம் செய்தால் கை வெந்துபோகும் என்பது ஊர் நம்பிக்கை. வெடுக்கென்று அடித்தால் எந்தக் கையையும் சுடாது என்பதை விளையாட்டாக முன்பே செய்து பார்த்திருந்த நான், கொஞ்சமும் தயங்காமல் அடித்தேன்.

அருளாயி ‘வேதக்காரர்’ வீட்டுப் பெண். கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். அவள் கையை நீட்டவில்லை.

“வேற சாமி முன்னால சூடம் அணைக்கிறது எங்களுக்குப் பாவம்ங்கய்யா. நான் மாட்ட விடல. ஆரு விட்டதுன்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீக.”

அவ்வளவுதான், குற்றம் அவளுடையதாயிற்று. அவள் அப்பா தம் நாற்றில் பாதியைப் பேச்சியத்தைக்குக் கொடுத்தார். அவருடைய வயலில் பாதி அந்தப் போகம் தரிசாகக் கிடந்தது. வீட்டுக்கு நெல் போதாது என்று அருளாயியை மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்ப முடிவாயிற்று.

நான் தண்டனைக்காகக் காத்திருந்தேன். ஆடியில் ஊரில் இரண்டு வீட்டில் அம்மை போட்டது. எனக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. எதுவும் நடக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. மாரியம்மன் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் இதை இனி யார் சரிசெய்வது? ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் கூடியிருந்தபோது நாட்டாமை முன்னால் போய் நின்று, “பெரியப்பா, எருமைய விட்டது நாந்தான்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “கையி பூவாட்டம் இருக்கு. பொய்ச் சத்தியம் பண்ணிருந்தா ஆத்தா சும்மா விட்டிருப்பாளா? புள்ளைக்கு என்னமோ காத்துக்கருப்பு அண்டிருச்சு” என்றார். பூசாரி வேப்பிலையால் அடித்தார். நான் யாருக்குக் கெடுதல் செய்தேனோ அந்தப் பேச்சியத்தையே கண்ணீரோடு என் வாயில் திருநீற்றைப் போட்டாள்.

அருளாயி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லடி” என்று மட்டும் சொல்லி முடிச்சை இறுக்கினாள். அவள் மலையிலேயே வாழ்க்கைப்பட்டுப் போனாள்; பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு என் திருட்டும் பொய்யும் நின்றன. எங்கள் களத்தில் நின்றால் அவள் போன மலை தெரியும். விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஊரோ திருநீறு பலித்துவிட்டது என்றது. சாமிக்குப் பயந்து நடக்கத்தான் எங்களை வளர்த்தார்கள். பயந்தவளை மலைக்கு அனுப்பிவிட்டு, பயப்படாத என்னை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நினைக்கும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த நாற்றங்கால் இப்போது திராட்சைத் தோட்டம். அருளாயியின் வீடு இருந்த இடத்தில் பஸ் நிற்கிறது. சூடம் அணைத்துச் சத்தியம் கேட்பவர்களும் போய்விட்டார்கள். ஆனால் சேற்றுக்காலோடு அகப்பட்ட பெண் சூடத்துக்குப் பயந்து நின்ற கதையைக் கோயிலின் மகிமையாக இன்னும் சொல்கிறார்கள். போன மாதம் என் பேத்தியே எனக்கு அதைச் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். எருமையை உள்ளே விட்டது நான். அருளாயி அதை விரட்டத்தான் சேற்றில் இறங்கினாள்.