மூக்கில் பூட்டிய டிரெய்லர்

தான்சானியாவின் துக்குயு மலைப்பக்கம் வாழைத்தார் ஏற்றும் லாரிக்காரர்கள் வாயிலிருந்து ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. துசேகிலேவுக்கு மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். பதினோரு வருடமாக லாரியும் அதன் பின்னால் நாலு சக்கர டிரெய்லருமாக தார் எஸ் சலாம் போய்வருகிறாள்.

அந்த வண்டியை முன்னால் ஓட்ட யாராலும் முடியும். பின்னால் எடுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். லாரியின் கொக்கியில் ஒரு மடிப்பு, டிரெய்லரின் முன்சக்கரத்தில் இன்னொரு மடிப்பு. ஒன்றை நேராக்கினால் மற்றது முறுக்கிக்கொள்ளும்.

அந்த ஏப்ரல் மழையில் ஓடைப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. தார்களோடு பாதி வழி வந்த பிறகுதான் துசேகிலேவுக்குச் சேதி தெரிந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். டிரெய்லரோடு திருப்ப இருந்த ஒரே இடம், அவள் அப்போதுதான் தாண்டி வந்த ஒரு சந்து. அது சுபிலகா என்பவள் வீட்டுக்குப் போகிற வழி. சந்தின் முனையில், வாழை மரங்களுக்கு அடியில், சுபிலகாவின் கணவனுக்கும் மாமனாருக்கும் சிமென்ட் பூசிய கல்லறைகள்.

பின்னால் பிக்கப்பில் வந்த ம்வைபோபோவுக்குப் பொறுமை இல்லை. "பலகையைப் போட்டு கல்லறை மேலயே ஏத்தித் திருப்பும்மா! செத்தவங்களுக்கு வலிக்கவா போவுது?"

சுபிலகா வெட்டுக்கத்தியோடு முனையில் வந்து நின்றாள். "என் புருஷன் தலையில டயர் ஏறணும்னா முதல்ல என் மேல ஏத்து."

துசேகிலே வண்டியை விட்டு இறங்கினாள். "அக்கா, அந்தக் கல்லறையில ஒரு கீறல் விழுந்தா, இந்தச் சாவியை உங்க கையில குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போறேன். அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

கூட வந்த லுகானோவுக்குத் திக்கென்றது. இருபது வருடம் லாரிகளோடு அலைந்த மனுஷன். "ஏன் இப்பிடி வாயைக் குடுத்து மாட்டிக்கிற?" என்று முணுமுணுத்தபடியே டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

டிரெய்லரைக் கழற்றி நடுரோட்டில் விட்டாள். லாரியை மட்டும் முன்னால் கொஞ்சம் தள்ளி இருந்த சர்ச் வாசலில் திருப்பிக்கொண்டு வந்து, அதன் மூக்கை டிரெய்லரின் இழுகம்பிக்கு நேராக நிறுத்தினாள். பம்பர் கொக்கியில் பூட்டினாள்.

"என்னடா இது, வண்டியைத் தலைகீழா கட்டுறா!" என்று ம்வைபோபோ சிரித்தான்.

"கண்ணுக்கு முன்னால இருந்தாத்தான் அது பண்ற சேட்டை தெரியும். நீ பிக்கப்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடு, அதையாச்சும் செய்யத் தெரியுமா?" என்றாள். வேடிக்கை பார்க்கக் கூடிவிட்ட கூட்டம் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது.

மெல்லத் தள்ளினாள். டிரெய்லரின் பின்பக்கம் சந்துக்குள் நுழைந்தது. ஈரக்களிமண்ணில் சக்கரம் வழுக்கிக் கல்லறைப் பக்கம் சாய்ந்தது. சுபிலகா அலறினாள். துசேகிலே உடனே பின்னுக்கு இழுத்தாள், இறங்கினாள், குனிந்து டயர் தடத்துக்கும் கல்லறைக்கும் இருந்த இடைவெளியை உள்ளங்கையால் அளந்தாள். நான்கு விரல். ஏறிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தடவையும் சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை டிரெய்லர் அலுங்காமல் குலுங்காமல் வளைந்து சந்துக்குள் போய் அடங்கியது. பிறகு கொக்கியைக் கழற்றி, லாரியைச் சந்துக்கு முன்னால் கொண்டுபோய், பின்பக்கத்தை நெருக்கி, இழுகம்பியை வழக்கமான இடத்தில் மாட்டினாள். வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது.

லுகானோ ஊர் கேட்கச் சிரித்தார். துசேகிலேவுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

சுபிலகா கத்தியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். கல்லறை முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"அசெகெலிலே, கேட்டுக்கோ," என்றாள் கணவனிடம். "இவ துசேகிலே. அவ்வளவு பெரிய வண்டியை உன் தலைமாட்டுல திருப்பிட்டா. உன் தூக்கம் கலையலை."