எதிர் வரிசையில் இருந்த டாக்டர் எஸ்தர்

செய்தி வந்தபோது என் கிளினிக்கில் என் முன்னால் முழங்கால் வலிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கைபேசியைப் பார்த்தவர், "எஸ்தர் டாக்டரு போயிட்டாங்களாம்" என்றார். அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. லூமுட்டில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த எஸ்தர், சாப்பிட்டு எழுந்த இடத்திலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டார்.

"நான் வழக்கமா அவங்ககிட்டதான் போவேன். இன்னைக்குக் கதவு சாத்தியிருந்துச்சு. அதான் இங்க வந்தேன்" என்று சொல்லி, என் மேசையில் இருந்த மெல்லிய காகிதத்தை உருவிக் கண்ணைத் துடைத்தார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் செய்தி வந்திருந்தது. அங்கேயும் அழுகை. நான் செத்தால் இப்படி அழுவார்களா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

எஸ்தரை அறிந்தவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய தம்பி என்னைக் கேட்டார். அக்காவுடைய நெருங்கிய தோழி என்று என்னைக் குறிப்பிட்டார். அது முழு உண்மை இல்லை. ஈப்போவின் குனோங் ராபாட்டில் ஒரே சாலையின் இரு பக்கமும் எங்கள் கிளினிக்குகள். என் கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய வாசல் தெரியும். அங்கே எத்தனை மோட்டார் சைக்கிள் நிற்கின்றன என்று பார்க்காமல் நான் ஒரு நாளும் வேலையைத் தொடங்கியதில்லை.

வேலைக்குப் போகாமல் இருக்க எம்.சி. கேட்டு வருபவர்கள் எங்கள் இருவரிடமும் வருவார்கள். நோய் இல்லாமல் விடுப்புச் சான்று நான் கொடுக்க மாட்டேன், எஸ்தரும் கொடுக்க மாட்டார். ஆனால் நான் மறுத்தால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவார்கள். அவர் மறுத்தால் அரை மணி நேரம் பேசிவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள். எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "நோவு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் கலா. வேலையில என்ன பிரச்சினன்னு கேப்பேன். அதுக்குத்தான முக்காவாசிப் பேரு வர்றாங்க" என்றார். மறுநாளே நானும் ஒருவரிடம் அப்படிக் கேட்டேன். "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு டாக்டர்?" என்றார் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எஸ்தர் ஒரு தவறு செய்தார். சுங்காயிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அந்த அம்மா அதை முன்பே சொல்லியிருக்கிறார். கூட்டம் நிறைந்த ஒரு காலையில் எஸ்தர் அதை மறந்து, அதே மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார். முகம் வீங்கி, மூச்சுத் திணறிய அந்த அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். வீட்டார் ஏதோ சாப்பாட்டால் வந்தது என்று நினைத்திருந்தார்கள்.

எஸ்தர் சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். "நானே போய்ச் சொல்லப்போறேன்" என்றார்.

"முதல்ல வக்கீல்கிட்டப் பேசுங்க டாக்டர். கேஸு போட்டா என்ன செய்வீங்க?" என்றேன்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா எதனால வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும்லா. தெரியாம நாளைக்கு வேற டாக்டர்கிட்ட அதே மருந்த வாங்கித் தின்னுட்டா?"

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், தவறு தன்னுடையது என்று மகன்கள் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். மூத்த மகன் கத்தித் தீர்த்திருக்கிறார். செய்தி பரவியது. இனி அந்தக் கூட்டம் என் பக்கம் திரும்பும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. அப்படி வந்தவர் ஒரே ஒருவர். அவரும் இதுதான் எஸ்தர் கிளினிக் என்று நினைத்து வந்தவர். அடுத்த மாதம் அந்த அம்மாவும், கத்திய மகனும் எஸ்தரின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பொறாமையில் எனக்கு நெஞ்செரிந்தது. நான் அப்படியொரு தவறு செய்ததில்லை. ஆனால் என்மேல் யாருக்கும் அப்படியொரு நம்பிக்கையும் இருந்ததில்லை.

பிறகு அதே பெஞ்சில் என் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா சுங்காயில் ரப்பர் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்தபின் என்னோடு இருந்தார். காலையில் காய்கறி வாங்கப் பசார் போகிறேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். மகள் டாக்டராக இருக்க, எதிர்க் கிளினிக்கில் போய் உட்கார்ந்திருக்கிறார். மதியம் சாலையைக் கடந்து போய் எஸ்தரிடம் நேராகக் கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு என்ன?"

"அப்பாகிட்டயே கேளுங்க கலா."

"நானும் டாக்டர்தான்."

"அதனாலதான் நான் ஏன் சொல்ல முடியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"என் அப்பா அவரு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. எஸ்தர் எழுந்து தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு பல வாரம் நான் அவரோடு பேசவில்லை. அப்பாவிடம் கேட்டால், "சும்மா, பிரெஷர் பாக்கப் போனேன்" என்று மழுப்பினார். உடல் மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

ஒரு நாள் காலையில் பசியாறும்போது அப்பாவே ஆரம்பித்தார். "ஒக்காரு கலா. இன்னைக்குக் கிளினிக்குக்கு லேட்டா போலாம்." கணையத்தில் புற்றுநோய். எஸ்தர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார். நிபுணர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சிகிச்சை வேண்டாம், வலி இல்லாமல் இருந்தால் போதும் என்று அப்பா முடிவெடுத்திருக்கிறார்.

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"ஒன்கிட்ட சொன்னா நீ டாக்டரா ஆயிருவ. டாக்டரு எனக்கு எங்கயும் கெடைப்பாங்க. மவ நீ ஒருத்திதான்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த டாக்டரம்மா தொல்ல தாங்கல. போறப்பெல்லாம் மவகிட்ட சொன்னீங்களா, மவகிட்ட சொன்னீங்களான்னு கேக்கும்" என்றார்.

அன்று மாலை எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "மருந்த நான் பாத்துக்கிறேன். நீங்க மவளா இருங்க" என்றார். அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. வலிக்கு மருந்தை ஏற்றுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு. நான் கஞ்சி வைத்தேன், கால் பிடித்துவிட்டேன். எஸ்தரும் சுங்காய் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் வந்தால் அப்பா ஆலைக் கதைகளை எடுத்துவிடுவார். நான் சமையலறையில் தேநீர் கலந்துகொண்டிருக்க, உள்ளே இருவரும் சிரிப்பது கேட்கும். நான் போனதும் நிறுத்திவிடுவார்கள். என் வீட்டில், என் அப்பாவோடு, நான் இல்லாத ஒரு பேச்சு. அவருக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டிருந்த நாட்களிலும் அது எனக்குக் கசந்தது.

அப்பா வலியில்லாமல் போனார். கருமாதி முடிந்தபின் எஸ்தரிடம் கேட்டேன். "அப்பா என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது அவரு எங்கிட்ட சொன்னது கலா."

"அவருதான் போயிட்டாரே."

"போயிட்டாலும் அவரு சொன்னதுதான."

அன்று அவரை வெறுத்தேன். ஆனால் அடுத்த ஆண்டு எனக்கே ஒன்று வந்தது. உடம்பைப் பற்றியதா, மனதைப் பற்றியதா என்று இங்கே எழுத மாட்டேன். ஈப்போவில் எனக்குத் தெரிந்த டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவரிடம் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். கடைசியில், என் அப்பா சொன்னதை எனக்கே சொல்லாதவரிடம்தான் போனேன். பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து காத்திருந்தேன். என் முறை வந்தபோது எஸ்தர் வியப்புக் காட்டவில்லை. "சொல்லுங்க கலா" என்று கதவைச் சாத்தினார்.

இப்போது அவருடைய நோயாளிகள் என்னிடம் வருகிறார்கள். "எஸ்தர் டாக்டரு இப்படிப் பாக்க மாட்டாங்க" என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன், எரிச்சலோடுதான். அப்பா சொன்ன வார்த்தைகளும், நான் சொன்னவையும் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. யாரும் இனி அவற்றைக் கேட்க முடியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அடுத்தவர் சொன்னதைச் சொல்ல மாட்டேன் என்ற அந்த மறுப்பைத்தான். அதோடு பொறாமையும் இருக்கிறது, போகவில்லை. உங்களுக்கெல்லாம் டாக்டர் தேவைப்பட்டால் சாலையைக் கடந்து என்னிடம் வரலாம். எனக்குத்தான் போக இடமில்லை.