அண்ணனை ஹைஸ்கூலில் சேர்த்த கதை

என் அண்ணனுக்குக் கடற்கரை டவுன் ஹைஸ்கூலில் இடம் வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில், கரிசல் காட்டுக்குள் இருந்தது. அண்ணன் திருச்சுழியில் எட்டாவது தேறியிருந்தான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கடற்கரை டவுனில் உப்பளத்து மேஸ்திரி. அவர் வீட்டில் தங்கிக்கொண்டு அங்கே உள்ள ஹைஸ்கூலில் நாலாம் பாரம், அதாவது ஒன்பதாவது, படிக்கட்டும் என்று அய்யா முடிவு செய்துவிட்டார். எங்கள் வகையறாவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அண்ணன்தான். அவனை அதற்கு மேலும் ஏற்றிவிட வேண்டும் என்று அய்யாவுக்கு ஒரு பிடிவாதம்.

அண்ணனுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அந்தச் சித்திரையிலிருந்தே அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாட்டைப் பார்க்கப் போவான். அய்யா உழப் போனால் கூப்பிடாமலே பின்னால் போய், வரப்பில் நின்று உழவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறுகிய முகத்தோடு திரும்புவான். ஊரைவிட்டுப் போகப் பயப்படுகிறான் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனி மாதம் ஒருநாள் விடிந்ததும் கிளம்பினோம். கடலைப் பார்க்க வேண்டும் என்று அழுது அடம்பிடித்ததால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள். உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய கரியடுப்பு ஒன்றை மாட்டி, அதில் வரும் புகையைக் கொண்டு ஓட்டினார்கள். சின்ன மேடு வந்தாலும் பஸ் நின்றுவிடும். ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். அய்யாவும் தள்ளினார். அண்ணன் மட்டும் ரோட்டோரம் நின்று, வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஒவ்வொரு முறை கிளம்பியபோதும் அவன் முகம் தொங்கிப் போனது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் எங்கள் ஊர் மொத்தத்தையும் உட்கார வைத்துவிடலாம். காற்று நிற்கவே இல்லை. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு பியூன் வராந்தா மணலைக் கூட்டிக்கொண்டே போனார். அவர் கூட்டிய இடத்தில் மறுபடியும் மணல் வந்து விழுந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. நான் எட்டி எட்டிப் பார்த்தும் சுவர்தான் தெரிந்தது.

ஹெட்மாஸ்டர் கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். அண்ணனை உள்ளே அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அவன் திக்கித் திக்கி வாசித்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் கடகடவென்று வாசித்துக் காட்டுகிறவன் அவன். பிறகு அவர் கணக்கு ஒன்று சொன்னார். ஒரு தொட்டியை ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அண்ணன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்து நின்றான். ஒன்றும் எழுதவில்லை. தெரியாது என்று தலையை ஆட்டினான்.

ஹெட்மாஸ்டர் கோபிக்கவில்லை. பையனை இன்னும் ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் படிக்கச் செய்து கூட்டிக்கொண்டு வரும்படி, வாசலில் நின்ற அய்யாவிடம் சொன்னார். அய்யா இடுப்பில் கட்டியிருந்த துண்டைச் சரிசெய்தார். சரிங்க சாமி என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அவன் பொய் சொல்றான் சார்" என்றேன். "இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும்."

ஹெட்மாஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். குழாய் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது; எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் எனக்கு அதையே இரண்டு கமலையாக மாற்றிச் சொல்லித் தந்திருந்தான். ஒரு கிணற்றில் இரண்டு ஜோடி மாடு. ஒரு ஜோடி மூன்று மணி நேரத்தில் தொட்டியை இறைத்து நிரப்பும், இன்னொரு ஜோடிக்கு ஆறு மணி நேரம் ஆகும். இரண்டும் சேர்ந்து இறைத்தால் இரண்டே மணி நேரம். அதை அப்படியே ஒப்பித்தேன். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி அண்ணனைப் பார்த்து, இங்கே சேர உனக்கு இஷ்டமில்லையா என்று கேட்டார்.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பினான். அய்யா எங்களைப் பார்த்தபடி, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் என்னை ஒருதரம் முறைத்துவிட்டு, போர்டில் அந்தக் கணக்கைக் கடைசி வரி வரைக்கும் போட்டான்.

இடம் கிடைத்துவிட்டது. அய்யா வழியெல்லாம் என் சமர்த்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். கடலைப் பார்க்காமல் வந்ததைக்கூட நான் மறந்துவிட்டேன்.

ஆவணி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கிய சமயம், ஒருநாள் உச்சிப்பொழுதில் அண்ணன் வந்து நின்றான். உப்பு வண்டியில் தொற்றிக்கொண்டு பாதி வழி, நடந்து பாதி வழி. கால் இரண்டும் கொப்புளம். மாமாவிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறான். அம்மா பதறிப்போய் என்னவென்று கேட்க, அவன் அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"அய்யாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருதும்மா. போன கோடை உழவுல கலப்பைக் கொழு மாட்டுக் கால்ல குத்திருச்சே, அது மாடு மிரண்டதால இல்ல. அவுகளுக்குக் கண்ணு தெரியாமத்தான் குத்துச்சு. விதைப்பு வருது. நான் அங்க உக்காந்து என்ன செய்ய?"

அம்மா வாயைத் திறக்குமுன் நிலைப்படியில் நிழல் விழுந்தது. அய்யா எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ தெரியாது. அண்ணனை அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் அடிக்கவில்லை.

"எனக்கு நல்லாத் தெரியுதுலே. காலையில என்கூட வா" என்றார்.

மறுநாள் காலை பஸ் ரோட்டுக்கு மூன்று பேரும் நடந்தோம். அய்யா முன்னால் நடந்தார். அப்படி ஒரு வேகத்தில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. ஓடையில் சரியான இடத்தில் இறங்கி ஏறினார். வேலி முள்ளில் துண்டு மாட்டாமல் சந்துக்குள் நுழைந்தார். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வந்தபோது, திரும்பிப் பார்க்காமலே எங்களைத் தள்ளி வரச் சொன்னார். அண்ணன் அவர் காலையே பார்த்தபடி பின்னால் வந்தான். எனக்குக் கோபம் பொங்கியது.

"பாத்தியா? அய்யாவுக்கு எல்லாம் தெரியுது. ஒனக்குத்தான் படிக்கப் பிடிக்கல."

பஸ் வந்ததும் அண்ணன் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஓடி வரவே இல்லை. அந்த வருஷம் நிலத்தில் பாதியைச் சித்தப்பா உழுதார். மறு வருஷம் முழுவதையும் வேறொருவருக்கு வாரத்துக்கு விட்டோம். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டுக்கு வந்தபோது, அய்யா அவன் முகத்தைக் கையால் தடவித்தான் மீசை முளைத்திருப்பதைத் தெரிந்துகொண்டார். பிறந்ததிலிருந்து நடந்த பாதையை அவர் கால்கள் மனப்பாடமாக வைத்திருந்தன என்பது எனக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது. அண்ணனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் பஸ்ஸில் ஏறியிருக்கிறான்.

அன்று ஏறியவன் கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கரிப்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் நகர்ந்தது. அய்யா நிமிர்ந்து நின்று, முன்னால் டிரைவர் இருந்த பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். கடைசி ஜன்னலிலிருந்து அண்ணன் தன் கையை வெளியே நீட்டி, பஸ் மறைகிறவரை ஆட்டிக்கொண்டே போனான். டிரைவருக்குப் போய் அய்யா இத்தனை நேரம் கை காட்டுகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.